வறண்ட ஆண்டின் கணக்கைக் கழிக்காதீர்கள்

கோதுமை ரகங்களை மதிப்பிட்டு வெளியிடும் குழுக்களுக்கும், அந்த ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம்.

அறுவடை முடிந்த சில வாரங்களில் பரிசோதனை முடிவுகள் உங்கள் மேசைக்கு வந்து சேரும். எந்த ரகம் எந்த இடத்தில் எவ்வளவு விளைந்தது, ஒப்பீட்டு ரகத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல், துருநோய் எவ்வளவு, மாவின் தரம் எப்படி என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். அந்தத் தொகுப்பின் கடைசியில், பெரும்பாலும் பொடி எழுத்தில், இன்னொரு பட்டியலும் இருக்கும்: கணக்கில் சேர்க்கப்படாத பரிசோதனைத் திடல்கள். காரணம் ஒரு வரிதான். சராசரி மகசூல் மிகக் குறைவு, அல்லது பிழையின் அளவைச் சொல்லும் மாறுபாட்டுக் கெழு வரம்பைத் தாண்டிவிட்டது. விதியும் வரம்பும் இடத்துக்கு இடம் மாறலாம். ஆனால் பல பரிசோதனை அமைப்புகளில் ஏதோ ஒரு வடிவில் இந்த வழக்கம் இருக்கிறது.

நான் முதலில் படிப்பது அந்தக் கடைசிப் பட்டியலைத்தான். பல பருவங்கள் கோதுமைத் திடல்களில் குறிப்பெடுக்கும் வேலை பார்த்தவன் என்பதால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடியும். மழை பொய்த்திருக்கும். இல்லாவிட்டால் பால் பிடிக்கும் நேரத்தில் நான்கைந்து நாள் அனல் காற்று அடித்திருக்கும். வறட்சியையும் வெப்பத்தையும் தாங்கும் கோதுமை வேண்டும் என்று ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் எழுதுகிறோமே, அது எந்தக் கோதுமை என்று இயற்கையே சோதித்துக் காட்டிய இடங்கள் அவை. அவற்றைத்தான் கழித்துவிடுகிறோம். கஷ்டமான கேள்விக்கு எழுதிய விடையைத் திருத்தாமலே மதிப்பெண் போடுவதைப் போன்ற வேலை இது.

உங்கள் தரப்பு நியாயம் புரியாமல் இல்லை. தண்ணீர் தாராளமாக இருக்கும்போது வயல் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். ஓர் ஓரத்தில் மண் ஆழம் ஒரு முழம் குறைவாக இருக்கலாம், நடுவில் களிமண் திட்டு இருக்கலாம், பழைய வாய்க்கால் தூர்ந்த தடம் இருக்கலாம். பாசனம் கொடுத்தால் எதுவும் தெரியாது. தண்ணீர் குறைந்ததும் எல்லாம் மேலே வந்துவிடும். ஒரே ரகம் ஒரு பாத்தியில் இடுப்பளவும் பக்கத்துப் பாத்தியில் முழங்காலளவும் நிற்கும். அப்போது ரகத்தின் வித்தியாசம் எது, மண்ணின் வித்தியாசம் எது என்று பிரிப்பது சிரமம். புள்ளியியல்காரர் அந்தத் திடலை நம்பத் தயங்குவதில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் அவர் கையிலிருக்கும் அளவுகோலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மாறுபாட்டுக் கெழு என்பது பிழையைச் சராசரியால் வகுத்து வருவது. ஹெக்டேருக்கு 6 டன் விளைந்த திடலில் அரை டன் பிழை இருந்தால் அது 8 சதவீதம் சொச்சம், ஏற்றுக்கொள்ளப்படும். அதே அரை டன் பிழை, 2 டன் மட்டுமே விளைந்த திடலில் 25 சதவீதம், கழிக்கப்படும். விதைத்ததிலோ அறுத்ததிலோ எடை போட்டதிலோ எந்தக் கவனக்குறைவும் இல்லை. விளைச்சல் குறைந்தது, அவ்வளவுதான். வறட்சித் திடல்களைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றும்படியாகவே அந்தச் சூத்திரம் வேலை செய்கிறது, யாரும் அப்படி நினைத்து வைக்காவிட்டாலும்.

மண்ணின் ஏற்றத்தாழ்வைச் சமாளிக்க வேறு வழிகள் இருக்கின்றன. ஒப்பீட்டு ரகத்தைத் திடல் முழுக்கத் திரும்பத் திரும்ப விதைக்கலாம். வரிசையையும் நெடுவரிசையையும் சேர்த்துத் திட்டமிடலாம். பாத்திகள் இருக்கும் இடத்தை வைத்து மண்ணின் போக்கைக் கணித்துக் கழிக்கும் இடஞ்சார் பகுப்பாய்வு இருக்கிறது. அதற்கான மென்பொருள் இன்று எந்த மடிக்கணினியிலும் ஓடும். எல்லாம் செய்த பிறகும் ஒரு திடல் தேறவில்லை என்றால், சரி, கழியுங்கள். நான் கேட்பது, கழிப்பது கடைசி வழியாக இருக்கட்டும் என்பது.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், வெப்பமும் வறட்சியும் கோதுமையைச் செய்யும் பாடு நல்ல ஆண்டின் வயலில் தெரியவே தெரியாது.

கோதுமை குளிர் விரும்பும் பயிர். மணி நிரம்பும் காலத்தில் அதற்குத் தோதான வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வாக்கில். அதற்கு மேல் ஏற ஏற, மணி நிரம்பும் நாட்கள் குறைந்துகொண்டே போகும். நாள் குறைந்ததை வேகம் ஈடுகட்டாது. ஏனென்றால் மணிக்குள் மாவுச்சத்தைக் கட்டும் நொதியே வெப்பத்தில் தளர்ந்துவிடுகிற வகை. இலையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியை ஓட வைக்கும் ஆக்டிவேஸ் புரதமும் அப்படித்தான். அதற்கும் முன்னால், கதிர் இன்னும் இலை உறையான தொண்டைக்குள் இருக்கும் நாட்களில் மகரந்தம் உருவாகிறது. அப்போது 30 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் மலடாக ஆரம்பிக்கும். வெளியே வரும் கதிரைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து விரலால் நெருடிப் பார்த்தால்தான் தெரியும், பாதி இடம் காலி என்று. இரவு வெப்பம் வேறு கணக்கு. பகலில் சேர்த்த சர்க்கரையில் ஒரு பகுதியைச் செடி இரவில் சுவாசித்தே தீர்த்துவிடும்.

உலகச் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் உலகக் கோதுமை உற்பத்தி சுமார் 6 சதவீதம் குறையும் என்று, முப்பது பயிர் மாதிரிகளை ஒன்றாக ஓட்டிப் பார்த்து 2015-இல் வெளியான ஆய்வு சொன்னது. மாதிரிகளை நம்பாதவர்கள் 2010-ஐ எடுத்துக்கொள்ளலாம். ரஷ்யாவில் வெப்ப அலையும் வறட்சியும் சேர்ந்து வந்து, அந்த ஆகஸ்டில் அந்நாடு தானிய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2022 மார்ச், இந்தியாவில் 1901-இலிருந்து பதிவான மார்ச் மாதங்களிலேயே மிகச் சூடானது. கோதுமை பால் பிடித்துக்கொண்டிருந்த நேரம். மே மாதம் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. மனிதர்கள் உண்ணும் கலோரியிலும் புரதத்திலும் ஐந்தில் ஒரு பங்கு வாக்கில் இந்த ஒரே பயிரிலிருந்து வருகிறது. ஒரு மாத வெயில் எத்தனை துறைமுகங்களைத் தொடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வறட்சி தாங்கும் ரகம் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த வறட்சி? சில நிலங்களில் விதைத்த பிறகு மழையே கிடையாது. மண்ணில் தங்கிய ஈரத்தை வைத்து அறுவடைவரை ஓட்ட வேண்டும். சில இடங்களில் தூர் கட்டும்போது காய்ந்து, பூக்கும்போது நனையும். சில இடங்களில் நேர்மாறு. செடியின் சங்கடமும் சாதாரணமானதில்லை. தண்ணீரை மிச்சம் பிடிக்க இலைத்துளைகளை மூடினால் இலை சூடாகும். இலையைக் குளிர வைக்கத் திறந்தால் தண்ணீர் தீரும். வறட்சியும் வெப்பமும் சேர்ந்து வரும் நாளில் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு விஷம். ஆகவே ஓரிடத்தில் கெட்டிக்காரனாக இருக்கும் ரகம் இன்னோரிடத்தில் சொதப்புவது இயல்பு. இதையெல்லாம் ஒரே சராசரியில் கரைத்துவிட்டு, முதலிடம் யாருக்கு என்று கேட்டால், விடை எப்போதும் தண்ணீர் கிடைத்த திடல்களின் பக்கமே சாயும். டன் கணக்கில் வித்தியாசம் விழுவது அங்கேதானே.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தையும் அந்நாட்டு அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவையும் சேர்ந்த விஞ்ஞானிகள் ஒரு சூட்சுமத்தைப் பிடித்தார்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவில் கார்பன்-12 உண்டு, கொஞ்சம் கனமான கார்பன்-13-உம் உண்டு. செடி கனமானதை ஓரளவு ஒதுக்கிவிட்டு இலேசானதை எடுத்துக்கொள்ளும். இலைத்துளைகளைச் சிக்கனமாகத் திறக்கும் செடி அவ்வளவாக ஒதுக்குவதில்லை. எனவே ஒரு துண்டு இலையில் இந்த இரண்டின் விகிதத்தை அளந்தால், செடி தண்ணீரை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது என்று தெரிந்துவிடும். கிரஹாம் ஃபார்குவார், ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸ் ஆகியோரின் நெடுநாள் வேலையிலிருந்து 2002-இல் 'டிரைஸ்டேல்' என்ற ரகம் வெளிவந்தது. மழை குறையக் குறைய அதன் ஆதாயம் கூடியது; மழை நன்றாகப் பெய்த இடங்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. குறைந்த மகசூல் திடல்களைக் கழித்துவிட்டு மதிப்பிடும் ஒரு குழுவின் முன்னால் அது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சராசரி ரகம், பரிந்துரைக்கத் தேவையில்லை என்று எழுதி மூடியிருப்பார்கள்.

முளைப்பு விஷயமும் இதே கதைதான். குட்டைக் கோதுமைகளுக்கு அடிப்படை ஜப்பானின் 'நோரின் 10' என்ற ரகத்திலிருந்து வந்த மரபணுக்கள். அமெரிக்காவில் ஆர்வில் வோகல் அதை எடுத்தாண்டார். அவரிடமிருந்து விதை வாங்கி மெக்சிகோவில் நார்மன் போர்லாக் வளர்த்தெடுத்தார். பிறகு நடந்த பசுமைப் புரட்சியை உலகம் அறியும். உரம் போட்டால் சாயாத செடி கிடைத்தது. கூடவே யாரும் கேட்காத ஒன்றும் வந்தது. விதையிலிருந்து மண்ணைத் துளைத்து வரும் முளைக்குருத்து உறையும் குட்டையாகிவிட்டது. ஈரம் ஆழத்தில் மட்டும் இருக்கிறது என்று ஆழமாக விதைத்தால், குருத்து மேலே வராமல் மண்ணுக்குள்ளேயே மடங்கிப் போகும். செடியைக் குட்டையாக வைத்துக்கொண்டே குருத்து உறையை நீளமாக விடும் மாற்று மரபணுக்கள் இருக்கின்றன. ஆர்எச்டி18 அவற்றில் ஒன்று. காய்ந்த மேல்மண்ணுக்குக் கீழே விதைக்க வேண்டிய விவசாயிக்கு இது உயிர்நாடி. ஆனால் பரிசோதனைத் திடலில் எல்லா விதையையும் பதமான ஈரத்தில், நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்தில், அளந்து விதைக்கிறோம். அங்கே இந்தக் குணத்துக்கு மதிப்பு பூஜ்யம். நீங்கள் சோதிக்காத குணத்தை எந்த ஆராய்ச்சியாளரும் பத்தாண்டு உட்கார்ந்து உருவாக்க மாட்டார்.

அப்புறம் சீக்கிரம் பூக்கும் ரகங்கள். வெப்பம் தாங்கும் ரகம் என்ற பட்டத்தோடு வருபவற்றில் எத்தனை உண்மையிலேயே தாங்குகின்றன, எத்தனை வெயில் வருவதற்குள் காரியத்தை முடித்துக்கொண்டு தப்பிக்கின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தப்பிப்பது கேவலம் என்று சொல்ல வரவில்லை. பல நிலங்களில் அதுவே புத்திசாலித்தனம். ஆனால் சீக்கிரம் முடிக்கும் செடி நல்ல ஆண்டில் கிடைக்கும் கூடுதல் நாட்களை இழக்கும். வெயில் பத்து நாள் முன்னதாக வந்துவிட்டால் மாட்டிக்கொள்ளும். மகசூல் அட்டவணையில் பூக்கும் தேதிக்கு ஒரு பத்தி ஒதுக்கி, ஒரே வாரத்தில் பூத்தவற்றை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், பட்டங்களில் பாதி உதிர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

உண்மையாகத் தாங்கும் செடியை வயலில் கண்டுபிடிக்க முடியும். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. நண்பகல் தாண்டி, வானம் தெளிவாக, காற்று அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்துக்கொண்டு பாத்தி பாத்தியாகப் போக வேண்டும். வெயில் முதுகில் விழும்படி நின்று, மண் கண்ணில் படாமல் இலைப்பரப்பு மட்டும் படும்படி கருவியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒரு மேகத் துண்டு கடந்தாலும் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். அருகருகே நிற்கும் இரண்டு பாத்திகள், இரண்டும் ஒரே பச்சை, ஒரே உயரம். ஒன்று 31 காட்டும், இன்னொன்று 33. அந்த இரண்டு டிகிரிக்குள் இருப்பது வேர். குளிர்ந்திருக்கும் பாத்தியின் வேர் இன்னும் ஆழத்தில் எங்கேயோ ஈரத்தைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, இலை ஆவியாக்கிக் குளிர்கிறது. தோண்டிப் பார்க்காமலே வேரை அளக்கிற வழி இது. சர்வதேச மக்காச்சோளம் மற்றும் கோதுமை மேம்பாட்டு மையமான சிமிட் பல ஆண்டுகளாக இதைத் தேர்வுக்குப் பயன்படுத்துகிறது. இன்று டிரோனில் வெப்பக் கேமராவைக் கட்டினால் ஆயிரம் பாத்திகளைச் சில நிமிடங்களில் அளந்துவிடலாம். இதிலும் ஒரு நிபந்தனை: மண்ணில் ஈரம் குறைந்திருக்க வேண்டும். நனைந்த வயலில் எல்லாப் பாத்தியும் குளிர்ச்சிதான்.

வறட்சி வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, நாமே அதை வரவழைக்கலாம். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் சியுடாட் ஒப்ரகோன் அருகே சிமிட்டின் ஆய்வு நிலையம் இருக்கிறது. பாலைவனப் பள்ளத்தாக்கு, கோதுமைப் பருவத்தில் மழை சொற்பம். எத்தனை பாசனம் கொடுக்கிறோமோ அவ்வளவுதான் தண்ணீர். வேண்டிய அளவு வறட்சியைக் குழாயைத் திருகி உண்டாக்கலாம். விதைப்பை இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போட்டால் மணி பிடிக்கும் காலம் கோடையில் போய் விழும், வெப்பச் சோதனையும் ஆயிற்று. போர்லாக் ஒரு காலத்தில் இதே ஊருக்கும் 2,600 மீட்டர் உயரத்திலுள்ள டொலூகாவுக்கும் இடையே விதையை மாற்றி மாற்றி எடுத்துப்போய் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை வளர்த்தார். விதையை எந்த மண்ணில் விளைவிக்கப்போகிறோமோ அங்கேதான் தேர்வு செய்ய வேண்டும் என்று அவருடைய மேலதிகாரிகள் அப்போது எதிர்த்தார்கள். விதியைத் தளர்த்தியதால் கிடைத்தவைதான் பகல் நீளத்தைப் பற்றிக் கவலைப்படாத, எங்கும் விளைகிற கோதுமைகள். குழுக்களின் விதிகள் மாறக் கூடியவைதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி உங்கள் துறையில் இல்லை. ஒப்ரகோன் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட வறட்சித் திடல்கள் ஒவ்வொரு பெரிய கோதுமை மண்டலத்திலும் வேண்டும். மழைக்கு மட்டும் கூரை மூடும் கொட்டகைகளும் உதவும்; ஆனால் அவற்றுக்குள் சில பாத்திகள்தான் பிடிக்கும்.

இனி, தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி. ரொட்டிக் கோதுமை ஒரு விபத்தில் பிறந்தது. சுமார் எட்டாயிரம், பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், 28 குரோமோசோம் கொண்ட பயிர்க் கோதுமையும் ஈஜிலாப்ஸ் டாஷி என்ற காட்டுப் புல்லும் தற்செயலாகக் கலந்தன. 42 குரோமோசோம், மனித மரபணுத் தொகுதியைப்போல் ஐந்து மடங்கு பெரிய தொகுதி. 2018-இல்தான் அதை முழுசாகப் படித்து முடித்தார்கள். இவ்வளவு பெரிய தொகுதி என்றாலும் அந்தப் புல்லின் பக்கத்திலிருந்து உள்ளே வந்த பன்முகத்தன்மை கொஞ்சம்தான், ஏனென்றால் கலப்பு நடந்தது ஒரு சில செடிகளுக்குள். பிறகு நாமும் சலித்துச் சலித்து இன்னும் குறைத்தோம். ஆர்தர் வாட்கின்ஸ் 1920-களிலும் 30-களிலும் 32 நாடுகளிலிருந்து திரட்டிய நாட்டுக் கோதுமைகள் 827, பிரிட்டனில் ஜான் இன்னஸ் மையத்தில் இருக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வு, அந்தத் தொகுப்பிலுள்ள பன்முகத்தன்மையில் 60 சதவீதம் இன்றைய ரகங்களில் இல்லவே இல்லை என்று காட்டியது. பஞ்சம் பார்த்த, பாசனம் பார்க்காத கோதுமைகள் அதில் உண்டு.

அந்தக் காட்டுப் புல்லை மறுபடியும் கோதுமைக்குள் கொண்டுவர முடியும். 28 குரோமோசோம் கொண்ட டியூரம் கோதுமையோடு அதைக் கலந்து, கிடைக்கும் மலட்டுச் செடியின் குரோமோசோமைக் கோல்கிசின் என்ற வேதிப்பொருள் கொண்டு இரட்டிப்பாக்கினால் புதிதாக ஒரு 42 குரோமோசோம் கோதுமை பிறக்கும். சிமிட் இப்படி நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறது. கலப்பு என்றதும் பலர் ஆய்வகத்தில் பித்தானை அழுத்தும் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வயலில் நடப்பது வேறு. கதிர் தொண்டையிலிருந்து வெளிவரும் பருவத்தில், ஒவ்வொரு பூவின் உமியையும் நுனியில் கத்தரித்து, இடுக்கியை உள்ளே விட்டு மூன்று மகரந்தப் பைகளை எடுக்க வேண்டும். அவை இன்னும் பச்சையாக இருக்க வேண்டும், மஞ்சளாகிவிட்டால் தாமதம். நசுங்கக் கூடாது. ஒன்றை விட்டுவிட்டாலும் அந்தப் பூ தன்னைத்தானே சூல் கொண்டுவிடும், வேலை வீண். ஒரு கதிரை முடித்துக் காகித உறை மாட்டி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தந்தைச் செடியின் மகரந்தத்தை உள்ளே உதறினால், அதிர்ஷ்டம் இருந்தால் சில பத்து மணிகள் கிடைக்கும். காட்டுப் புல்லோடு செய்தால் அதுவும் கிடைக்காது. கருவைத் தனியே எடுத்து ஊட்டக்கரைசலில் பிழைக்க வைக்க வேண்டும்.

அப்படிப் பிழைத்து வரும் பிள்ளைகள் பார்க்க லட்சணமாக இருக்க மாட்டார்கள். கதிர் போரடிக்க வராது, மணி உதிரும், பூக்கத் தாமதமாகும். நல்ல ரகங்களோடு திரும்பத் திரும்பக் கலந்து, வேண்டாததைக் களைந்து, வேண்டியதை மட்டும் நிறுத்த ஆண்டுகள் ஆகும். இந்த இடைநிலை வேலைக்குத்தான் யாரும் பணம் தர விரும்புவதில்லை. ஏனென்றால் அதன் முடிவில் ரகம் எதுவும் வெளிவராது. ரகம் உண்டாக்கத் தகுந்த பெற்றோர் மட்டுமே வெளிவருவார்கள். மொராக்கோவில் வெளியான 'ஜபல்' என்ற டியூரம் கோதுமைக்குப் பின்னால் இப்படியொரு காட்டு உறவு இருக்கிறது. கடும் வறட்சியில் மற்றவை கருகியபோது அது நின்றதைப் பார்த்துத்தான் விவசாயிகள் அதைக் கேட்டார்கள். நல்ல ஆண்டாக இருந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதை உருவாக்கிய, வறண்ட நிலங்களுக்கான பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான இக்கார்டாவின் விதை வங்கி சிரியாவின் அலெப்போ அருகே இருந்தது. போர் வந்து அங்கே வேலை செய்ய முடியாமல் போனபோது, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவிலுள்ள உலக விதைப் பெட்டகத்தில் வைத்திருந்த நகல்களை 2015-இல் திரும்ப எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் மறுபடி வளர்த்தார்கள். அந்தப் பெட்டகம் திறந்து முதன்முதலாக விதை எடுக்கப்பட்டது அப்போதுதான். பணம் ஒதுக்குவோர் விதை வங்கியை ஏதோ அருங்காட்சியகச் செலவு போலப் பார்ப்பதை நிறுத்தினால் நல்லது.

மரபணு மாற்றிய கோதுமையைப் பற்றி ஏன் பேசவில்லை என்று சிலர் கேட்பார்கள். பேசலாம். அர்ஜென்டினாவில் ராகேல் சானின் குழு சூரியகாந்தியிலிருந்து எடுத்த எச்பி4 மரபணுவைக் கோதுமைக்குள் வைத்தது. அந்நாடு 2020-இல் நிபந்தனையோடு ஒப்புதல் தந்தது, பெரிய வாடிக்கையாளரான பிரேசில் 2021-இல் மாவை ஏற்றது, 2022-இல் விற்பனைக்குத் திறந்துவிட்டார்கள். கூடவே குளுபோசினேட் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவும் இருப்பதால் சர்ச்சை இன்னும் ஓயவில்லை. எனக்கு இதில் பக்திப் பரவசமும் இல்லை, பகையும் இல்லை. இலையின் முதுமையைத் தள்ளிப்போடும் ஒரு மரபணு ஒரு வகை வறட்சியில் உதவலாம். ஆழமான வேருக்கோ நீளமான குருத்துக்கோ அது மாற்றாகாது. மற்ற ரகங்களுக்கு என்ன திடல்களோ அதற்கும் அதே திடல்கள், அதே கெட்ட ஆண்டுகள். விளம்பரத்துக்குத் தனி அளவுகோல் வேண்டாம்.

வேகத்தைப் பற்றியும் இப்போது நிறையப் பேச்சு. ஒரு நாளில் 22 மணி நேரம் விளக்கொளி கொடுத்து வசந்தகாலக் கோதுமையை ஆண்டுக்கு ஆறு தலைமுறைவரை வளர்க்கலாம். மக்காச்சோள மகரந்தம் போட்டு, தலைமுறைக்குத் தலைமுறை மாறாத நிலைத்த வரிசைகளை ஒரே தாவலில் உண்டாக்கலாம். மரபணுக் குறியீடுகளை வைத்துக் கணினியே தேர்வு செய்யும். எல்லாம் நல்லதுதான், நான் வரவேற்கிறேன். ஆனால் கணினிக்கு எதை நல்லது என்று கற்றுக்கொடுக்கிறோம்? நீங்கள் ஏற்றுக்கொண்ட திடல்களின் தரவை. வறட்சித் திடல்களைக் கழித்த தரவைத் தின்று வளர்ந்த கணிப்பு, பாசனத்தில் ஜெயிக்கும் செடியையே தேடித் தரும், அதுவும் முன்னைவிட ஆறு மடங்கு வேகத்தில். இது எனக்குப் பெரிய கவலை.

காலக் கணக்கையும் பாருங்கள். இன்று செய்யும் கலப்பு ரகமாக வெளிவரப் பத்தாண்டு வாக்கில் ஆகும். விதை பெருகி வயல்களுக்குப் போக இன்னும் சில ஆண்டு. வந்த பிறகு விவசாயி அதைப் பத்தாண்டுக்கு மேல்கூட விடாமல் விதைப்பார். ஆக, இன்றைய முடிவு அடுத்த கால் நூற்றாண்டின் வெயிலுக்கு எடுக்கும் முடிவு. இந்த ஆண்டு விதிவிலக்கு என்று கழித்த வெப்பத் திடல், அந்த ரகம் வயலுக்கு வரும்போது சாதாரண ஆண்டாக இருக்கும். பணம் மட்டும் மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று துண்டு துண்டாக வருகிறது. மூன்று ஆண்டும் நல்ல மழை பெய்துவிட்டால் திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதி மூடிவிடுவார்கள். வறட்சிக்கான திட்டம், வறட்சியையே பார்க்காமல்.

தரம் பற்றி ஒரு வார்த்தை. வெப்பத்தில் விளைந்த மணியில் புரதச் சதவீதம் கூடித் தெரியும், ஆனால் பிசைந்த மாவுக்கு வேண்டிய வலு இருக்காது. குளுட்டனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்களின் விகிதம் கலைந்துவிடுவதுதான் காரணம். தரச் சோதனைக்கு நல்ல திடலின் மணியை மட்டும் அனுப்பினால் இது ஆலையில் போய்த்தான் தெரியவரும்.

ஆகவே கேட்பது இவைதான். குறைந்த மகசூல் என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் திடலையும் கழிக்காதீர்கள். கழித்தால் மழையளவையும் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதிக் காரணம் சொல்லுங்கள். மாறுபாட்டுக் கெழுவுக்குப் பதிலாகப் பிழையை டன் கணக்கிலேயே பாருங்கள். ஒரு ரகத்தின் மதிப்பெண்ணில், அது சந்தித்த மிக மோசமான திடல்களின் முடிவுக்கென்று ஒரு பங்கு தனியாக இருக்கட்டும். எவ்வளவு என்பதை நீங்கள் விவாதித்து முடிவு செய்யுங்கள், மூன்றில் ஒரு பங்கு என்று நான் ஆரம்பித்து வைக்கிறேன். சில திடல்களை ஆழமாக விதையுங்கள், சிலவற்றைத் தாமதமாக விதையுங்கள். பூக்கும் தேதியும் இலைப்பரப்பின் வெப்பநிலையும் அட்டவணையில் வரட்டும். பணம் தருவோர், கட்டுப்படுத்தப்பட்ட வறட்சித் திடல்களுக்கும் காட்டு உறவுகளைக் கலக்கும் வேலைக்கும் பத்தாண்டுக்குக் குறையாத ஒதுக்கீடு தர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இதற்குச் செலவே கிடையாது. இதுவரை கழிக்கப்பட்ட திடல்களின் குறிப்பேடுகள் எங்கேயும் போய்விடவில்லை. நிலையங்களின் அலமாரிகளிலும் பழைய கணினிகளிலும் கிடக்கின்றன; பாத்தி எண், எடை, தேதி எல்லாம் இருக்கிறது. அந்த ஆண்டுகளின் வானிலைப் பதிவுகளும் இருக்கின்றன. அவற்றை வெளியிடுங்கள். இன்றைய பகுப்பாய்வு முறைகளைக் கொண்டு மறுபடி கணக்குப் போட ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். தள்ளுபடியான ரகங்களில் எது எது அந்த வெயிலில் நின்றது என்று அதில் தெரியும்; விதை இன்னும் குளிர்பதன அறையில் இருந்தால் எடுத்து விதைக்கலாம்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்ப்பீர்களா மாட்டீர்களா என்று ஒரு பதில் வந்தால் போதும். சேர்ப்பதாக இருந்தால் குறிப்பேடுகளை ஒழுங்குபடுத்தித் தரும் வேலைக்கு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
திடல் குறிப்பெடுப்போரில் ஒருவன்